ஆழத்தில் உடன் வருபவர்

சென்ற தை மாதம் என் பேத்தி விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தாள். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் பணிபுரிகிறாள். பொழுது சாயுமுன் உணவை முடித்துக்கொண்டு இருவரும் திண்ணையில் அமர்ந்திருந்தோம். நெடுநேரம் வாளா இருந்தவள் திடீரென்று ஒரு வினாவை எழுப்பினாள். "பாட்டி, மிகவும் நல்லவள் ஒருத்தி. எனக்கு எத்தனையோ உதவி செய்திருக்கிறாள். ஆனால் அவளை நம்பி நீருக்குள் இறங்க முடியவில்லை. இதை அவளிடம் சொல்வது நன்றி மறந்த செயலாகுமா?"

ஆசிரியப் பயிற்சி பெற்று, முப்பத்தைந்து ஆண்டுகள் பிள்ளைகளின் வினாக்களுக்கு விடை கூறிப் பழகியவள் நான். ஆயினும் இதற்கு உடனே விடை கூற இயலவில்லை. அவள் எதைக் குறிப்பிடுகிறாள் என்பதே முதலில் எனக்கு விளங்கவில்லை. அவள் சொல்லக் கேட்டதையும், பின்னர் நானே படித்து அறிந்துகொண்டதையும் சேர்த்து இங்கு எழுதுகிறேன்.

காற்றடைத்த உருளையை முதுகில் சுமந்து, வாயில் பொருத்திய கருவியின் வழியே மூச்சு விட்டுக்கொண்டு கடலுக்கடியில் நீந்துவதை 'ஸ்கூபா' என்கிறார்கள். என் பேத்தி மீனைப் பிடிக்கவோ சிப்பியை எடுக்கவோ செல்பவள் அல்லள். பவழப் பாறைகளையும் அவற்றிடையே வாழும் உயிர்களையும் கண்டு மீள்வதோடு சரி. எதையும் தொடக் கூடாது என்பது அங்கே முதற்பாடமாம். இதைக் கேட்ட பின்னரே என் மனம் சற்று ஆறியது.

இவ்வாறு மூழ்குவோர் பொதுவாக இருவர் இருவராகவே இறங்குகிறார்கள். அதற்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்திற்கும் நீரின் அழுத்தம் ஒரு வளிமண்டல அளவு கூடுகிறது. 20 மீட்டர் ஆழத்தில் மேற்பரப்பில் உள்ளதைப் போல் மும்மடங்கு அழுத்தம். ஆதலால் ஒவ்வொரு மூச்சிலும் மும்மடங்கு காற்று செலவாகிறது. மேலே ஒரு மணி நேரம் வரக்கூடிய காற்று அங்கே 20 நிமிடத்தில் தீரும். தீர்ந்தால் விரைந்து மேலேறிவிடலாமே என்று நாம் நினைப்போம். மூச்சை அடக்கிக்கொண்டு ஏறினால் நுரையீரலில் உள்ள காற்று விரிந்து அதனையே கிழித்துவிடும். மிக விரைந்து ஏறினால் உடலில் கரைந்திருக்கும் நைட்ரஜன் குமிழிகளாகி மூட்டுகளையும் நரம்புகளையும் தாக்கும். ஆகவே ஒவ்வொருவரும் தமக்கென ஒரு மூச்சுக் கருவியும், உடன் வருபவருக்குக் கொடுப்பதற்கென மற்றொன்றும் வைத்திருக்கிறார்கள். கொடுப்பதற்கான கருவி எளிதில் கண்ணில் படும்படி பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் இருக்கும். "என் மார்பில் இருக்கும் மஞ்சள் கருவி எனக்காக அன்று பாட்டி, அவளுக்காக. எனக்கானது அவள் மார்பில் இருக்கிறது" என்றாள் பேத்தி. அந்த ஒரு சொல்லில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

நம் மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்கள் கல்லைப் பற்றிக்கொண்டு மூழ்கிய காலத்திலும், தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். கயிறு அசைந்ததும் அவர் மேலே இழுக்க வேண்டும். அந்தக் கயிற்றை மைத்துனன் கையில்தான் கொடுப்பார்கள் என்றும், தன் உடன்பிறந்தாள் தாலியிழக்க அவன் விடமாட்டான் என்றும் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஜப்பான் நாட்டில் 'அமா' எனப்படும் மகளிர் மூழ்குகிறார்கள். அவர்களுள் படகிலிருந்து இறங்குவோர் பலருக்குக் கணவரே கயிறு பிடிப்பது வழக்கம். உறவு என்னும் பிணையைக் கொண்டு நம்பிக்கையை உறுதி செய்துகொண்டார்கள் முன்னோர். இன்றைய கடலிலோ படகில் முதல்நாள் அறிமுகமானவரும் துணையாக அமையக் கூடும்.

பேத்திக்கு அமைந்தவள் முதல்நாள் அறிமுகமானவள் அல்லள், அலுவலகத் தோழி. பேத்தி அந்நாட்டுக்குச் சென்ற முதல் ஆண்டில் காய்ச்சலில் கிடந்தபோது ஒன்பது நாட்கள் உடனிருந்து கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவள். ஆனால் கடலில் அவள் வேறொருத்தி. இறங்குமுன் ஒருவர் மற்றவருடைய மிதவைச் சட்டையையும், ஈயக்கட்டிகள் கோத்த இடுப்புப் பட்டையையும், கொக்கிகளையும், காற்றளவையும் தொட்டுச் சோதிக்க வேண்டும். அவள் திரும்பியும் பாராமல் "எல்லாம் சரி" என்பாளாம். கையில் காமிரா. கண்கவர் மீன் ஒன்று தென்பட்டால் போதும், உடன் வந்தவளை மறந்துவிடுவாள்.

ஒருநாள் 18 மீட்டர் ஆழத்தில் பேத்தி திரும்பிப் பார்த்தபோது தோழியைக் காணோம். துணையைத் தவறவிட்டால் ஒரு நிமிடத்திற்கு மேல் தேடாமல் மெல்ல மேலேறி நீர்ப்பரப்பில் சந்திக்க வேண்டும் என்பது அவர்கள் கற்ற விதி. அவள் விதிப்படியே ஏறிவந்து காத்திருந்தாள். 11 நிமிடங்கள் கழித்துத் தோழி சிரித்துக்கொண்டே தலையை நீட்டினாள். ஓர் ஆமையின் பின்னே போய்விட்டாளாம். "அந்தப் பதினொரு நிமிடமும், அவளுடைய அம்மாவுக்கு என்ன சொல்வது என்று மனத்துக்குள் சொற்களைத் தேடிக்கொண்டிருந்தேன், பாட்டி." இதைச் சொல்லும்போது பேத்தியின் குரல் கம்மியது.

நாலடியாரில் நட்பைப் பற்றி மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து வருவதை நம் வீடுகளில் பலர் அறிவர். நட்பாராய்தல், நட்பிற் பிழை பொறுத்தல், கூடா நட்பு என்பன அவை. ஆராய்ந்து நட்புக் கொள்க. கொண்டபின் பிழையைப் பொறுக்க. சேரத் தகாதாரைச் சேராதொழிக. பள்ளியில் இவற்றை வரிசையாகக் கற்பித்த நாட்களில் இவற்றுக்கிடையே சிக்கல் ஒன்றும் எனக்குத் தென்பட்டதில்லை. அன்று திண்ணையில்தான் தென்பட்டது. தோழியின் பிழையைப் பொறுப்பதா? பொறுத்தால், எங்கே இருந்து பொறுப்பது? கரையிலிருந்தா, 18 மீட்டர் ஆழத்திலிருந்தா?

ஒருவரை மன்னிப்பதும், அவரிடம் நம் மூச்சை ஒப்படைப்பதும் ஒரே செயல் என்று நாம் மயங்கிவிடுகிறோம். அவை இரண்டும் வேறு என்பது என் கருத்து. மன்னிப்பது நடந்து முடிந்ததைப் பற்றியது. அதனை முழுமையாக, ஒன்றும் மிச்சம் வையாமல் கொடுத்துவிடலாம். ஒப்படைப்பது இனி நடக்கவிருப்பதைப் பற்றியது. அதனைக் கொடுப்பதற்கு, அவர் நல்லவர் என்பது மட்டும் போதாது. கஞ்சி காய்ச்சிய கை நன்றிக்குரிய கைதான். அந்த நன்றிக்காக அவள் வீட்டில் நோயுற்றவர்களுக்கு என் பேத்தி இரவு பகலாக உழைக்கலாம். நன்றிக்கடனைத் தீர்க்கும் இடம் கடலடி அன்று.

இவ்வாறு சொன்னபோது பேத்தி தலைகுனிந்தாள். அதன் பின்னரே மறைத்து வைத்திருந்த செய்தி வெளிவந்தது. அவள் ஏற்கெனவே இரண்டு முறை தோழியைத் தவிர்த்திருக்கிறாள். காதுவலி என்று பொய் கூறிப் படகிலேயே தங்கிவிட்டாளாம். யாருக்கும் மனவருத்தம் இல்லை, நட்பும் கெடவில்லை. ஆனால் இரண்டாம் முறை தோழிக்குத் துணையாக வேறொரு பெண்ணை அனுப்பினார்கள். அவள் பயிற்சி முடித்துக் கடலில் இறங்குவது அதுதான் முதல் தடவை. "அவள் திரும்பி வரும்வரை படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டே நின்றேன்" என்றாள் பேத்தி.

தாட்சண்யத்தால் நாம் பேசாதிருந்தால் ஆபத்து மறைவதில்லை. அறியாத வேறொருவர் தலைக்கு மாறிப் போகிறது. இதை நான் நூலில் படித்துச் சொல்லவில்லை. 1984ஆம் ஆண்டில் எனக்கே நேர்ந்தது.

அந்த ஆண்டு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் 42 பேரை மாமல்லபுரத்திற்கு அழைத்துச் சென்றோம். உடன் வந்த ஆசிரியை ஒருவர், என் பேறுகாலத்தில் தம் வகுப்போடு என் வகுப்பையும் சேர்த்து நடத்திய புண்ணியவதி. ஒவ்வோர் இடத்திலும் பேருந்து கிளம்புமுன் தலைகளை எண்ணுவது அவருடைய பொறுப்பு. அவர் எண்ணுவதில்லை, எண்ணியதாகச் சொல்வார். முந்தைய சுற்றுலாக்களிலேயே அதை நான் கண்டிருந்தேன். வாய் திறந்து சொல்லாமல், அவர் எண்ணிய பின் நானும் ஒருமுறை அவரறியாமல் எண்ணிக்கொள்வேன். அதை அப்போது பெருந்தன்மை என்று நினைத்திருந்தேன். மாமல்லபுரத்தில் ஒரு பிள்ளை வாந்தியெடுக்கவே, அவனைக் கவனிப்பதில் நான் எண்ணத் தவறினேன். "நாற்பத்திரண்டு" என்றார் அவர். பேருந்து புறப்பட்டது. திருக்கழுக்குன்றத்தில் இறங்கிச் சோற்றுப் பொட்டலங்களைக் கொடுத்தபோது ஒரு பொட்டலம் மிஞ்சியது.

திரும்பிச் சென்ற அந்த வழியை நான் மறக்கவில்லை. ஐந்து ரதங்களுக்கு அருகே சங்குப்பொருள் விற்கும் பெண்மணி ஒருவர் அச்சிறுமிக்குத் தண்ணீர் கொடுத்துத் தம் அருகில் உட்கார வைத்திருந்தார். அவள் அழவில்லை. எங்களைக் கண்டதும்தான் அழுதாள். உடன் வந்த ஆசிரியையை அனைவரும் குறை கூறினர். என்னை ஒருவரும் கூறவில்லை. ஆனால் அவர் எண்ணாமலிருக்கப் பழகியதற்கு நான் ஒளிந்து எண்ணியதும் ஒரு காரணமன்றோ? அவர் தவறும்போதெல்லாம் அவரறியாமல் நிரப்பிக்கொண்டே வந்தேன். தம் தவற்றை அறியும் வாய்ப்பை அவருக்கு நான் தரவேயில்லை.

தலை எண்ணுவது சிறுபிள்ளைகளுக்கு மட்டும் உரியதன்று என்பதைப் பேத்தி இருக்கும் மாநிலமே பெரும் விலை கொடுத்துக் கற்றது. 1998 ஜனவரி 25ஆம் நாள் பவழத்திட்டுக்குச் சென்ற ஒரு படகு, மூழ்கிக்கொண்டிருந்த அமெரிக்கத் தம்பதியர் இருவரைக் கடலிலேயே விட்டுக் கரைக்குத் திரும்பிவிட்டது. ஆட்களை எண்ணியதில் பிழை. அவர்களுடைய பை படகில் கிடப்பதைக் கண்டு, இருவர் வரவில்லை என்று உணர்ந்தபோது இரண்டு நாட்கள் கடந்திருந்தன. அவர்கள் கிடைக்கவேயில்லை. அதன் பின் அங்கே மூழ்குவோரைக் கணக்கெடுக்கும் விதிகள் கடுமையாக்கப்பட்டன.

அதே மாநிலத்தில் நடந்த மற்றொரு நிகழ்ச்சி நம் வினாவுக்கு இன்னும் நெருக்கமானது. 1911இல் புயலில் மூழ்கிய 'யோங்காலா' என்னும் கப்பல், டவுன்ஸ்வில் நகருக்கு அப்பால் கடலடியில் கிடக்கிறது. 2003 அக்டோபர் 22ஆம் நாள், மணமாகிப் பதினொரு நாட்களே ஆன அமெரிக்க இணையர் அதைக் காண இறங்கினர். கணவர் மீட்புப் பயிற்சியும் பெற்றவர். மனைவி அனுபவம் குறைந்தவர். கீழே மனைவி இடருற்றபோது, கணவர் உதவி தேடி மேலே வந்துவிட்டார். மனைவி அடியில் சென்று சேர்ந்து உயிரிழந்தார்.

வழக்குப் பல ஆண்டுகள் நடந்தது. கொலைக் குற்றத்தை அவர் ஏற்கவில்லை. உடன் மூழ்கும் துணை என்ற முறையில் செய்ய வேண்டியதைச் செய்யத் தவறியதால் நேர்ந்த மரணம் என்ற அளவில் 2009இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றார். தம்மிடமிருந்த மாற்றுக் கருவியால் காற்றுக் கொடுக்கவில்லை. மனைவியின் சட்டையில் காற்றை நிரப்பியோ ஈயக்கட்டிகளைக் கழற்றியோ அவரை மேலே எழச் செய்யவில்லை. அமெரிக்காவில் மீண்டும் தொடரப்பட்ட கொலை வழக்கு, போதிய சான்று இல்லையென்று 2012இல் தள்ளுபடியாயிற்று. அவர் உள்ளத்தில் என்ன இருந்தது என்பதை ஆராய நான் யார்? நான் எடுத்துக்கொள்வது ஒன்றே. "உன்னோடு வருகிறேன்" என்று ஏற்றுக்கொண்டு இறங்கியவருக்கு அச்சொல்லே ஒரு கடமையை உண்டாக்கிவிடுகிறது என்று ஒரு நாட்டின் சட்டம் கருதியது.

நம் ஆசாரியர்களுக்கு இது புதிய செய்தியன்று. 'பிரமாதம்' என்றால் மிக நன்று என்று இக்காலத்தில் பொருள் கொள்கிறோம். கச்சேரிக்கும் சாம்பாருக்கும் அச்சொல்லைச் சூட்டுகிறோம். நூல்வழக்கில் அதற்குக் கவனமின்மை என்று பொருள். இம்சை இன்னது என இலக்கணம் கூற வந்த தத்துவார்த்த சூத்திரம், கவனமற்ற செயலையே அதற்கு அடியாக வைக்கிறது. தோழிக்குப் பகை இல்லை, வஞ்சம் இல்லை, கோபமும் இல்லை. ஆமையைக் கண்ட மகிழ்ச்சிதான். அந்த மகிழ்ச்சிக்குள்ளே ஓர் உயிரை மறந்த இடம் இருக்கிறது.

நம்பத்தகாத துணையை விடத் தனியே இறங்குவதே மேல் என்று வாதிடும் அனுபவசாலிகளும் இருக்கிறார்களாம். அவர்கள் அதற்கெனத் தனிப் பயிற்சி பெற்று, வேறோர் உருளையில் மாற்றுக் காற்றும் கொண்டு செல்கிறார்கள். துணை இருக்கிறது என்று எண்ணி இறங்கி, உண்மையில் இல்லாதிருப்பது இரண்டிலும் கேடு என்பது அவர்கள் வாதம். அதை மறுக்க எனக்குத் தெரியவில்லை. ஆயினும் என் பேத்தி அவ்வாறு செய்வதை நான் விரும்பவில்லை. இது வாதமன்று, பாட்டியின் அச்சம் என்று கொள்க.

மூழ்குவோரிடையே ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. எவரும், எந்த நேரத்திலும், காரணம் கூறாமலே "போதும், மேலே போகலாம்" என்று முடித்துக்கொள்ளலாம். மற்றவர் அதை ஏளனம் செய்யலாகாது. கட்டைவிரலை மேலே உயர்த்திக் காட்டினால் போதும். (நாம் கரையில் அதே சைகையை 'நன்று' என்பதற்குக் காட்டுகிறோம். நீருக்கடியில் அப்படிக் காட்டினால் அனைவரும் மேலேறிவிடுவார்களாம்!) அந்த உரிமை இருக்கும்போது காதுவலி எதற்கு என்று பேத்தியைக் கேட்டேன். "விரலைக் காட்ட முடியும் பாட்டி. வாயால் சொல்லத்தான் முடியவில்லை" என்றாள்.

எப்படிச் சொல்வது என்பதில் மட்டும் என் ஆசிரியத் தொழில் எனக்குக் கைகொடுத்தது. படகில், பிறர் காதில் விழச் சொல்லாதே. கரைக்கு வந்து, உடை மாற்றி, பசி தீர்ந்த பின் சொல். அவளிடம் சொல்லுமுன் வேறெவரிடமும் சொல்லாதே. "நீ பொறுப்பற்றவள்" என்று தொடங்காதே. அப்படித் தொடங்கினால் அவள் தன் குணத்துக்கு வக்கீலாகிவிடுவாள். நடந்ததைப் பற்றிப் பேச வாய்ப்பே இராது. அன்று, அந்த ஆழத்தில், திரும்பிப் பார்த்தேன், நீ இல்லை, நான் அஞ்சினேன் என்று நடந்ததை நடந்தபடி சொல். காதுவலி பொய் என்பதையும் சொல்லிவிடு. இனி எந்த நிபந்தனையில் உன்னோடு இறங்குவேன் என்பதைத் தெளிவாகச் சொல். அவள் ஏற்கவில்லையென்றால் இறங்காதே. விருந்துக்கு மட்டும் போ. இவ்வளவும் சொல்லிவிட்டு, 1984இல் இவற்றுள் ஒன்றையேனும் நான் செய்தேனா என்று எண்ணி வெட்கினேன்.

பங்குனியில் பேத்தி தொலைபேசியில் பேசினாள். சொல்லிவிட்டாளாம். முதலில் தோழி ஒன்றும் பேசவில்லை. மூன்று வாரங்கள் அலுவலகத்தில் எதிர்ப்பட்டாலும் முகம் கொடுக்கவில்லை. பின்னர் ஒருநாள் தானே வந்து, "நீ மட்டும் திரும்பிப் பார்ப்பவளா? அந்த ஆமையைக் காட்ட உருளையைத் தட்டி உன்னை மூன்று முறை அழைத்தேன். நீ முன்னே போய்க்கொண்டே இருந்தாய்" என்றாளாம்.

"உண்மையா அது?" என்று கேட்டேன்.

மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. "ஓசை ஏதோ கேட்டது பாட்டி. வேறு யாரோ தட்டுகிறார்கள் என்று இருந்துவிட்டேன்" என்றாள்.

இப்போது அவர்கள் ஐந்தாறு மீட்டர் ஆழமுள்ள ஓர் அமைதியான விரிகுடாவில் மட்டும் சேர்ந்து இறங்குகிறார்கள். யார் முன்னே, யார் பின்னே, எத்தனை நிமிடத்திற்கு ஒருமுறை காற்றளவை ஒருவருக்கொருவர் காட்டுவது என்பதையெல்லாம் கரையிலேயே பேசிக்கொள்கிறார்களாம். காமிராவை விட்டுவர மட்டும் தோழி இன்னும் இசையவில்லை. அதைப் பற்றி அடுத்த மாதம் பேசப்போவதாகப் பேத்தி சொன்னாள்.